அசல் இல்லை, வேலை செய்யும்

பழுது பார்க்கிறவளிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. உங்களுக்கே தெரியும். போன் நன்றாக இருக்கும்வரை அதை நீங்கள் நினைப்பதே இல்லை. காரண்டி முடிகிற கிழமை பார்த்து அது மண்டையைப் போடும். வாங்கிய கடைக்குக் கொண்டுபோனால், அங்கே நிற்கிற பெடியன் அதைக் கையில்கூட வாங்காமல், புதிதாக வாங்குவதுதான் லாபம் என்பான். அந்தக் கோபத்தோடு நீங்கள் வந்து நிற்கிற மேசை என்னுடையது.

என் பெயர் சாந்தி. காதுக் கருவி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை விட்டபடி, தலைமுடியிலும் மெல்லிய வயர்களை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். பொருளாதார நெருக்கடி வந்தபோது எங்கள் பகுதியை மூடி, ஆளுக்கொரு பூங்கொத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கைக்குப் பழகிய வேலை அது ஒன்றுதான். டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், மரக்கறியும் மீனும் விற்கிற பாலா அண்ணையின் கடைக்குள், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டுப் போன் திருத்த உட்கார்ந்தேன். வன்னியில் போர் முடிந்த வருஷம் அது. இனிச் சொல்லப்போவதெல்லாம் அந்தச் சில மாதங்களில் நடந்தவை.

யாருடைய போன்?

எனக்கு ஒரு கெட்ட குணம். 'திறக்கக் கூடாது' என்று எதிலாவது ஒட்டியிருந்தால், திறந்து பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும். போன் செய்கிற கொம்பனிகளுக்கு இந்தக் குணம் பிடிக்காது. என்னைப் போன்றவர்களுக்கு அவர்கள் உதிரிப்பாகம் விற்பதில்லை. எழுதிக் கேட்டால், அங்கீகாரம் இருக்கிறதா என்பார்கள். அங்கீகாரம் கேட்டால், கடை எவ்வளவு பெரியது என்பார்கள். என் கடை ஒரு மேசை. ஆகவே ஸ்கிரீன், பற்றரி, சார்ஜ் வயர் குத்துகிற வாய் எல்லாவற்றையும் ஜேர்மனியில் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து தபாலில் எடுப்பேன். வேறு யாரோ செய்த பாகங்கள். அதை யாரிடமும் மறைத்ததில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "அசல் இல்லை, வேலை செய்யும்."

முதலில் வந்தவர்களில் ஒருவர் கியர்ஸ்டன் என்ற டெனிஷ்காரி, ஓய்வு பெற்ற ஆசிரியை. அவருடைய போனைக் கொம்பனியின் திருத்தகம் கிழமைக்கணக்காக வைத்திருந்துவிட்டு, 'வெளியாள் திறந்திருக்கிறார், காரண்டி இல்லை' என்று தொடாமலே திருப்பி அனுப்பியிருந்தது. அந்த வெளியாள் அவருடைய கணவர்தான். உடைந்த மூடியைக் கழற்றி வேறொன்று போட்டிருக்கிறார், அவ்வளவுதான். நான் ஸ்கிரீனை மாற்றி முடிக்கும்வரை கியர்ஸ்டன் பாகற்காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். போனில் வெளிச்சம் வந்ததும் சொன்னார்: "போன் என்னுடையது, திறக்கிற உரிமை மட்டும் அவர்களுடையது என்றால், மாதா மாதம் வருகிற பில்லையும் அவர்களே கட்டட்டுமே."

அழைக்கிறவர் பெயரைக் கேட்க வேண்டும்

மாசி பிறந்தபின் எங்கள் சனத்தில் ஒருவரும் போனை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. காரணம் உங்களுக்கு விளங்கும். வன்னிக்குள் அகப்பட்டவர்கள், எங்காவது ஒரு செய்மதித் தொலைபேசி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அங்கே போய் வரிசையில் நின்று ஒரு நிமிஷம் கதைப்பார்கள். இங்கிருந்து அவர்களைத் திருப்பி அழைக்க வழியில்லை. அவர்களுக்கு மனப்பாடமாக இருப்பது ஒரேயொரு நம்பர். அந்த ஒரு நிமிஷத்தில் இங்கே போன் செத்துக் கிடந்தால் என்ன ஆவது? திருத்த மூன்று கிழமை ஆகும் என்று கொம்பனிக்காரர் சொல்லுவது எங்களுக்கு ஆகாத கதை.

குப்பையில் போட வைத்திருந்த போன்களைப் பிரித்துச் சேர்த்து, உருப்படியாக இரண்டு போன் செய்தேன். திருத்த வருகிறவரின் சிம்மை அதில் போட்டுப் பாலா அண்ணையின் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். பாலா அண்ணை ஒரு சட்டம் போட்டார். அடித்தால், பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் எடுக்க வேண்டும். 'ஹலோ, ஆர்?' என்று இழுக்காமல், பெயரையும் கூட இருப்பவர்களையும் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, தேவன் என்ற தொழிற்சாலைப் பெடியன் காரை வேறிடத்தில் நிறுத்த வெளியே ஓடியிருந்தான். அவனுடைய சிம் போட்ட போன் அடித்தது. என் இரண்டு கையிலும் குறடு. பாலா அண்ணை பின்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கருவேப்பிலை வாங்க வந்த ஒரு அம்மா எடுத்தார். பக்கத்து ஊரான ஹேர்னிங்கில் இருந்து வந்தவர், தேவனைத் தெரியாதவர். நிதானமாகப் பெயரைக் கேட்டார், யார் யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டார், கருவேப்பிலைப் பையிலேயே எல்லாவற்றையும் எழுதினார். தொடர்பு அறுந்தது. தேவன் மூச்சு வாங்க ஓடிவந்தபோது பையை அவனிடம் நீட்டினார். "தம்பி, உங்கட மச்சானும் மனிசியும் பிள்ளையும் இருக்கினமாம், கடற்கரைப் பக்கம் மாறிட்டினமாம். இந்தப் பையை நீங்கள் வைச்சிருங்கோ, எனக்கு ஆராவது வேற பையில கருவேப்பிலை போட்டுத் தாங்கோ."

பல் வைத்தியர்

பயம் எங்களைக் கடல் தாண்டியும் விடவில்லை. வன்னியோடு தொடர்புள்ள நம்பர்களை உண்மையான பெயரில் சேமித்து வைக்க ஆட்கள் பயந்தார்கள். யாராவது போனைப் பறித்துப் பார்த்தால்? பறிக்கப் போவது யார் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனாலும் பயம். ஒருவருடைய போனில் ஸ்கிரீன் மாற்றிவிட்டு, எல்லாம் சரியா என்று பெயர்களை உருட்டிப் பார்த்தேன். பல் வைத்தியர் என்று டெனிஷில் ஒரு பெயர், நம்பர் மட்டும் இலங்கை நம்பர். அவர் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். அவருடைய அண்ணன் வவுனியாவில் இருந்துகொண்டு, தப்பி வருகிறவர்களின் பெயர்களை விசாரித்துச் சொல்லுகிறவர் என்று பிறகு அறிந்தேன். போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "தங்கச்சி, என்ர பல்லெல்லாம் கொட்டினாலும் காரியமில்லை, அந்தப் பல் வைத்தியருக்கு மட்டும் ஒண்டும் வரக்கூடாது."

சிவநாயகம் அண்ணையின் பெட்டி

சிம்மை மாற்றிப் போட்டுச் சமாளிக்கிற வித்தை மோபைலோடு சரி. வீட்டுப் போனுக்கு அது பலிக்காது. சிவநாயகம் அண்ணை சில்க்போர்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், இக்காஸ்டில் குடியிருப்பவர். அவருடைய தங்கை வசந்தி வன்னிக்குள் இருந்தாள். கணவனை ஷெல்லுக்குப் பறிகொடுத்துவிட்டு, மகள் கயலையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு இடம் மாறி இடம் மாறி ஓடிக்கொண்டிருந்தாள். வசந்திக்குத் தெரிந்தது அண்ணனின் வீட்டு நம்பர் மட்டும்தான். வருஷக்கணக்காக அவர் தன் கடிதங்களின் அடியில் எழுதி அனுப்பிய நம்பர் அது. அவள் அழைப்பாள் என்றுதான் அந்த வீடு உயிரோடு இருந்தது.

அந்த நம்பரை அவர் பழைய கம்பி இணைப்பிலிருந்து இன்டர்நெட் கொம்பனி ஒன்றின் பெட்டிக்கு மாற்றியிருந்தார். நடைபாதைச் சுவரில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி. சித்திரைக் கடைசியில் அந்தப் பெட்டிக்குக் கறண்ட் கொடுக்கிற அடாப்டர் எரிந்துபோனது. பெட்டி செத்தது, நம்பரும் அதோடு செத்தது. கொம்பனிக்கு அடித்தார். அடாப்டரை மட்டும் தர மாட்டார்களாம், ஆள் வந்து பார்க்க வேண்டுமாம், இரண்டு கிழமைக்கு மேல் ஆகுமாம். அழைப்புகளை மோபைலுக்காவது திருப்பி விடுங்கள் என்று கெஞ்சினார். அதைப் பெட்டியிலிருந்துதான் செய்யலாமாம். வேறு அடாப்டர் எதுவும் குத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அகதியாக வந்த மனிதர், இந்த நாட்டில் கையெழுத்துப் போட்ட எதையும் மீறாதவர். அப்படியே காத்திருந்தார்.

சில நாள் கழித்து வெண்டிக்காய் வாங்க வந்த இடத்தில் பாலா அண்ணையிடம் இதைச் சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேலா, கொம்பனி மேலா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். என்னிடம் அதே வோல்ட் உள்ள ஜேர்மன் அடாப்டர் ஒன்று இருந்தது. ஆனால் கொம்பனி தன் முனையை வேறு எதுவும் பொருந்தாத அளவில் செய்து வைத்திருந்தது. எரிந்த அடாப்டரின் வயரை வெட்டி, அந்த முனையை என் அடாப்டரோடு ஒட்டினேன். நேரும் எதிரும் சரியா என்று மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டுக் குத்தினேன். பெட்டியில் பச்சை வெளிச்சம் ஒவ்வொன்றாக வந்தது. அவருடைய மனைவி யோகம் அக்கா ரிசீவரைக் காதில் வைத்துச் சத்தம் வருவதைக் கேட்டுவிட்டு அழுதார். சிவநாயகம் அண்ணை அந்த ஒட்டைக் குனிந்து குனிந்து பார்த்தார். "பிள்ளை, இது கள்ள வேலை இல்லைத்தானே?"

வீட்டில் யாரும் இல்லை

வைகாசியில் டென்மார்க்கில் விடுமுறைகள் அதிகம். கொம்பனியின் ஆள் வருகிற நாள் தள்ளித் தள்ளிப் போனது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. கடையில் பாலா அண்ணை ரீவியை நிற்பாட்டிவிட்டார். தராசுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தேவன் மேசைக்கு வருவான், கல்லாவுக்குப் பக்கத்துப் போனை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். அவனுடைய மச்சானிடமிருந்து பிறகு அழைப்பே வரவில்லை.

சிவநாயகம் அண்ணையின் வீட்டில் உறவினரும் தெரிந்தவர்களும் கூடியிருந்தார்கள். எல்லோரும் தரையில், பெட்டியைப் பார்த்தபடி. நானும் தினமும் போவேன். வெளிப் பாகம் போட்டவள் நான், அடாப்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. அப்படி நான் நின்ற ஒரு நாள்தான் கொம்பனியின் ஆள் வந்தார். இளம் டெனிஷ்காரர். வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துத் தயங்கித் தானும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் ஒட்டைக் கண்டதும் முகம் மாறியது. இதைக் கழற்றி எங்களுடையதைப் போட வேண்டும், பெட்டி மறுபடி இணைப்புக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்றார்.

யோகம் அக்கா எழுந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். அவருக்கு டெனிஷ் அவ்வளவு வராது. 'நை', முடியாது, என்று மட்டும் சொன்னார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். தங்கை ஒருத்தி, அவள் எந்த நேரமும் அழைக்கலாம், அப்போது கிடைக்காவிட்டால் அவளால் திரும்ப அழைக்க முடியாமல் போகலாம் என்று நான் சொன்னேன். அவர் தரையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "நான் வந்தபோது வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை என்று எழுதிவிடுகிறேன்."

வசந்தி அழைத்தாள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. அடாப்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் நிமிர்ந்த நேரம். சிவநாயகம் அண்ணை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். வசந்தியின் குரல். வவுனியா முகாமில் யாருடையதோ மோபைலில் இருந்து. வீடு முழுக்க அழுகை வெடித்தது. யோகம் அக்கா கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார்.

"அண்ணா, நானும் சின்னவனும் இருக்கிறம். கயல் உங்களோட கதைச்சவளோ?"

"கயலோ? அவள் உன்னோட இல்லையோ?"

வசந்தி மூச்சுவிடாமல் சொன்னாள். "என்ன அண்ணா சொல்லுறியள்? நான் எல்லாம் சொன்னனான் தானே. கயலுக்குக் காலில காயம், காயக்காரரை ஏத்திற கப்பலில ரீச்சர் ஒராளோட அனுப்பிப்போட்டன், திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஆரையாவது அனுப்பி எடுங்கோ எண்டு. உங்கட வீட்டில ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எடுத்தவள். நல்ல மெதுவாக் கதைச்சவள். அவளின்ர பாஷை எனக்கு விளங்கேல்லை, எண்டாலும் நான் இரண்டு தரம் சொன்னனான், அவளும் இரண்டு தரம் சொன்னவள். உங்களோட வேலை செய்யிற பிள்ளையாக்கும், விளங்கினவைக்குச் சொல்லுவாள் எண்டுதான் வைச்சனான்."

தரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எந்த வெள்ளைக்காரப் பிள்ளை? சிவநாயகம் அண்ணையின் மகள் நிலா இங்கே பிறந்தவள், வீட்டில் டெனிஷில்தான் பதில் சொல்லுவாள். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு டெனிஷில் சொன்னாள்: "அப்பா, அது ஆள் இல்லை. பெட்டி வேலை செய்யாத நாளில் எங்கள் நம்பருக்கு எடுத்தால், 'இப்போது தொடர்பு கொள்ள முடியாது, பிறகு முயன்று பாருங்கள்' என்று கொம்பனி போடுகிற குரல் அது."

கயல்

வசந்திக்கு அதை யாரும் சொல்லவில்லை. இதோ ஆள் அனுப்புகிறேன் என்று மட்டும் அண்ணன் சொன்னார், தொடர்பு அறுந்துபோனது. ஒரு தாய் குண்டுகளுக்கு நடுவில் வரிசையில் நின்று, கிடைத்த ஒரு நிமிஷத்தில் பிள்ளையை ஒரு ஒலிப்பதிவிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

பாலா அண்ணையின் மனைவி மட்டக்களப்பு. அவருடைய தம்பி ஒருவர் திருகோணமலையில் மீன் வியாபாரம். அவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார், வாட்டு வாட்டாகத் தேடினார். அடுத்த நாள் மத்தியானம் பாலா அண்ணையின் கடைக்கு எடுத்தார். கயல் இருக்கிறாள், கால் மாவுக்கட்டில் இருக்கிறது, கூட வந்த ரீச்சர் கப்பலிலேயே இறந்துபோனார். உரிமை கோர ஆளில்லாத பிள்ளை என்று கன்னியாஸ்திரிகள் தங்கள் இல்லத்துக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுத்துவிட்டாளாம். மாமா ஆள் அனுப்புவார் என்று ஒரே பிடியாம்.

சிவநாயகம் அண்ணையை வேலையிடத்திலிருந்து கூப்பிட்டோம். இல்லத்தின் வேலை உடுப்போடே வந்தார். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, என்னுடைய குப்பைப் போன் ஒன்றில் அந்த மீன் வியாபாரியை அழைத்தார், அவர் போனைக் கயலிடம் கொடுத்தார். நானே சேர்த்த போன் என்பதால் அதன் ஸ்பீக்கர் சத்தமாகத்தான் கேட்கும், எனக்கும் கேட்டது. அழுகை இல்லாத, கொஞ்சம் கோபமான, ஒன்பது வயதுக் குரல். "மாமா, அம்மா அண்டைக்கே உங்களுக்குச் சொல்லிட்டா தானே, பிறகேன் நீங்கள் ஒருத்தரையும் அனுப்பேல்லை?"

பிறகு நான் சொந்தக் கடை போட்டேன், வருஷங்களும் ஓடிவிட்டன. ஆனாலும் மெல்லிய குரலில் 'அசல் பாகம் வரும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்' என்று எவர் சொன்னாலும், என் கை இன்றைக்கும் தானாக ஸ்குரூட்ரைவரைத் தேடிப் போகிறது.